கொதித்த பின்னும் இருப்பவை

கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களைப் பற்றி ஏறியிருக்கும் மிளகுக் கொடிக்கும், மனிதன் பாக்டீரியாவை முதன்முதலாகக் கண்டதற்கும் தொடர்பு உண்டு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்த ஆன்டனி வான் லேவன்ஹூக்குக்கு, மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. மிளகுத் துகளில் கண்ணுக்குத் தெரியாத முள் இருக்கும், அதுதான் நாக்கைக் குத்துகிறது என்று நினைத்தார். 1676ஆம் ஆண்டு மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தானே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லை வழியாகப் பார்த்தார். முள் எதுவும் தென்படவில்லை. ஊறிய நீரில் எண்ணற்ற உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. அவற்றில் மிகச் சிறியவற்றைத்தான் இன்று பாக்டீரியா என்கிறோம்.

இந்தச் செய்தியைக் கேட்கிறவருக்கு முதலில் அருவருப்பு வருகிறது, அடுத்து பயம். தண்ணீரில் இருக்கிறது, சோற்றில் இருக்கிறது, கையில், வாயில், குடலில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கின்படி, 70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் சுமார் 30 லட்சம் கோடி மனித செல்களும், சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் இருக்கின்றன. இப்படி எல்லா இடத்திலும் இருக்கும் ஒன்றை எண்ணி எல்லாவற்றுக்கும் பயப்படத் தொடங்கினால், பத்து நாளில் அலுத்துப்போய் எதற்கும் பயப்படாமல் விட்டுவிடுவோம். எந்த இடத்தில், எந்த நேரத்தில் கவனம் வேண்டும் என்று தெரிந்துகொள்வதே வீட்டை நடத்துகிறவருக்கு உதவும்.

கிருமி என்று பேச்செடுத்தால் மலை வீடுகளில் வருகிற பதில், "நாங்க எதையும் வேக வெச்சுத்தானே சாப்பிடறோம்" என்பது. நல்ல பதில்தான், பாதிக்கு மேல் சரியான பதிலும்கூட. ஆனால் அடுப்பால் ஆகாத காரியங்கள் சில உண்டு. அவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வதற்கே இந்த அத்தியாயம்.

தண்ணீருக்கு 96 டிகிரி போதும்

முதலில் அடுப்பால் ஆகிற காரியம். பைல் நாடு உள்ளிட்ட, கொல்லிமலையின் 14 நாடுகளும் இருக்கும் மலைமேடு, பெரும்பாலும் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஒரு டிகிரி குறையும். கீழே நாமக்கல்லில் 99 டிகிரிக்கு மேல் கொதிக்கும் தண்ணீர், இங்கே 96 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. துவரம்பருப்பு மலையில் வேக நேரமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் இங்கே கொதிக்கவைத்த தண்ணீர் சுத்தமாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஆகும். டைபாய்டு, காலரா, சீதபேதிக் கிருமிகள் 70 டிகிரியிலேயே சீக்கிரம் செத்துவிடும். மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் 85 டிகிரியில் ஒரு நிமிடம் தாங்காது. 2000 மீட்டருக்கு மேலே வசிப்பவர்கள்தான் மூன்று நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். நமக்கு, தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் போதும். பாத்திரத்தின் அடியில் சிறு குமிழி வருவதைக் கொதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கால் மணி நேரம் கொதிக்கவிட்டு விறகை வீணாக்கவும் வேண்டாம்.

ஊற்றுத் தண்ணீர் கோடையில் தெளிவாக இருக்கும். கோடை முடிந்து பெய்யும் முதல் மழைகள்தான் ஆபத்தானவை. மேட்டில் காய்ந்து கிடந்த மாட்டுச் சாணமும் மனித மலமும் கரைந்து ஊற்றுக்குள் இறங்குவது அப்போதுதான். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் அந்த வாரங்களில் கட்டாயம் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

கொதிக்கவைத்த தண்ணீர் பெரும்பாலும் கெடுவது குடத்தில். டம்ளரைப் பிடித்த விரல் தண்ணீருக்குள் இறங்கினால் அடுப்பு செய்த வேலை அங்கேயே வீணாகிவிடும். குழாய் வைத்த பாத்திரம் நல்லது. இல்லையென்றால் நீளக் காம்புள்ள அகப்பை ஒன்றைக் குடத்துக்கென்றே வைத்து, அதில் மொண்டு டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள்.

உமிக்குள் தூங்குபவை

இனி, அடுப்பால் ஆகாத காரியங்கள்.

1876ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் கோன் வைக்கோல் பாக்டீரியாவிலும், ராபர்ட் கோக் அடைப்பான் நோய்க் கிருமியிலும் ஒன்றைக் கண்டார்கள். உணவோ ஈரமோ இல்லாமல் போகும்போது இந்தக் கிருமிகள் தங்களுக்குள்ளேயே தடித்த ஓடு ஒன்றைக் கட்டி, அதனுள் உயிரைச் சுருக்கி வைத்துக்கொள்கின்றன. இதற்கு ஸ்போர் என்று பெயர். குதிரில் போட்ட சாமை உமிக்குள் வருடக்கணக்கில் உறங்கி, ஈரம் பட்டதும் முளைப்பதைப்போல இதுவும் காத்திருந்து எழும். ஓட்டுக்குள் இருக்கும்வரை கொதிநீர் அதைக் கொல்வதில்லை. பிரஷர் குக்கருக்குள் 115 டிகிரிக்கு மேல் ஏறும் வெப்பம்தான், அதுவும் போதிய நேரம் இருந்தால், அதை அழிக்கும்.

லண்டனில் ஜான் டிண்டல் இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. வைக்கோல் ஊறிய நீரை மணிக்கணக்கில் கொதிக்கவைத்தும் அது மறுபடி கெட்டுக்கொண்டே இருந்தது. கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தூங்குபவை விழித்து எழும் நேரம் கொடுத்து, மறுபடி கொதிக்கவைக்கும் முறையை அவர் 1877இல் கண்டுபிடித்தார். அதே ஆண்டு வாயை உருக்கி மூடிய குடுவைகளை ஆல்ப்ஸ் மலைக்கு எடுத்துச்சென்று, சிலவற்றை வைக்கோல் போட்ட பரணிலும், சிலவற்றை வெட்டவெளிப் பாறை விளிம்பிலும் திறந்தார். பாறையில் திறந்தவை தெளிவாகவே இருந்தன. பரணில் திறந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே கெட்டன. மலைக்காற்று சுத்தமானது என்று நாம் சொல்வது வீண் பெருமையில்லை. ஆனால் அந்தச் சுத்தம் வீட்டு வாசல் வரைதான். உள்ளே வைக்கோல், தானியம், மண் எல்லாம் ஸ்போர் நிறைந்தவை.

சோறு

அரிசியிலும் சாமையிலும் பாசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் ஸ்போர் இயல்பாகவே இருக்கும். மண்ணிலிருந்து கதிரோடு வருவது. எத்தனை தடவை கழுவினாலும் முழுக்கப் போகாது. சோறு பொங்கும்போது மற்ற கிருமிகள் எல்லாம் செத்துப்போக, இது மட்டும் தப்பிக்கிறது. தப்பிப்பதோடு, அந்தச் சூடே அதை உசுப்பி எழுப்புகிறது. எழுந்து பார்த்தால் ஈரமான, வெதுவெதுப்பான, போட்டிக்கு ஆளில்லாத சோறு. சுடச்சுட இருக்கும்வரை அது பெருக முடியாது. நன்றாகக் குளிர்ந்துவிட்டாலும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் சோறு எத்தனை மணி நேரம் கிடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெருகும்போது அது சோற்றில் ஒரு நஞ்சை விடுகிறது. இந்த நஞ்சை 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தும் செயல் குறையவில்லை என்று சோதித்துக் கண்டிருக்கிறார்கள். மத்தியானம் வடித்த சோற்றைச் சாயங்காலம் தாளித்துச் சுடச்சுடக் கொடுத்தாலும் கிருமிதான் சாகும், நஞ்சு சாகாது. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சீன உணவகங்களில் சாப்பிட்டவர்களுக்கு அடுத்தடுத்து வாந்தி வந்தபோது இந்த உண்மை வெளிப்பட்டது. அங்கே சோற்றை மொத்தமாக வேகவைத்துச் சமையலறையிலேயே ஆறவிட்டு, கேட்கக் கேட்க வறுத்துக் கொடுத்தார்கள். சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் பெரும்பாலும் இந்த வகை. வயிற்றுப்போக்கைத் தரும் இன்னொரு வகை, எட்டு மணி நேரம் போல் கழித்து வரும். இரண்டும் ஒரு நாளில் அடங்கிவிடுவதே வழக்கம். ஆனால் சின்னக் குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் தாமதமானால் அந்த ஒரு நாளே பெரிதாகிவிடும்.

இந்த நஞ்சுக்கு மணமில்லை, நிறமில்லை, சுவையுமில்லை. "மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்பதை இங்கே நம்ப முடியாது. மூக்கை நம்பாமல் மணியைப் பாருங்கள். வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அல்லது சோறு நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். மிஞ்சப்போகிறது என்று தெரிந்தால் அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுங்கள். ஆழமான பாத்திரத்தில் அப்படியே மூடி வைத்தால் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

ஆடிப்பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களிலும், ஊர்த் திருவிழாக்களிலும், கல்யாணங்களிலும் அண்டா சமையல் நடக்கிறது. அங்கே பெரிய ஆபத்து இந்த நடுச்சோறுதான். இறைச்சிக் குழம்பிலும் இதே கதை. அதில் இருப்பது க்ளாஸ்ட்ரிடியம் என்ற வேறு இனம், அதுவும் ஸ்போர் கட்டுவது. ஒரே அண்டாவாக முன்னிரவிலேயே சமைத்து வைக்காமல், பந்திக்கு ஏற்ப இரண்டு மூன்று உலையாக வையுங்கள். சமையல்காரர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

நம் முன்னோர் இந்தச் சிக்கலுக்கு இரண்டு வழி கண்டார்கள். இரண்டுமே புளிப்பு. பயணத்துக்குக் கட்டிய புளிச்சோற்றில் புளியின் அமிலம் கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கிறது. பழைய சோற்றில் அந்த அமிலத்தை நுண்ணுயிர்களே தயாரிக்கின்றன. சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால், லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியாக்கள் இரவோடு இரவாகப் பெருகிப் புளிப்பேற்றுகின்றன. புளிப்பு ஏற ஏற மற்றவை ஒடுங்குகின்றன. கேழ்வரகு மாவைப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சுவதும் இதே வழிதான். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவும் என்று ஆராயத் தொடங்கியது இந்த நுண்ணுயிர்களுக்குக் கிடைத்த மரியாதை.

ஆனால் தண்ணீர் ஊற்றும் நேரம் முக்கியம். ஆறிய உடனே ஊற்றியது பழைய சோறு. காலையில் வடித்து, காட்டு வேலைக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்பி வந்து, மிஞ்சியதில் இரவு தண்ணீர் ஊற்றினால், அதற்குள் நஞ்சு விழுந்திருக்கலாம். பிறகு வரும் புளிப்பு அதை எடுக்காது. மார்கழி, தை மாதக் குளிரில் மலையில் புளிப்பு ஏற நேரமாகும் என்பதால் பானையை அடுப்படியை ஒட்டி வையுங்கள். காலையில் தெளிவான புளிப்பு மணம் வராமல் கொழகொழவென்று நூல் விட்டால் வாய்க்கு எடுக்காதீர்கள்.

தேன்

இந்தப் பகுதியை எழுதும்போது மலைத்தேனின் மேல் எனக்குள்ள மதிப்பு துளியும் குறையவில்லை. தேனில் தண்ணீர் மிகக் குறைவு, அமிலம் உண்டு. எந்தக் கிருமியும் அதில் பெருக முடியாது. ஆனால் தூங்க முடியும். க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் ஸ்போர் மண்ணிலிருந்தும் தூசியிலிருந்தும் தேனுக்குள் வந்து சேர்கிறது. கொம்புத்தேனோ கொசுத்தேனோ, கண்முன்னே பிழிந்ததோ கடையில் வாங்கியதோ, எதிலும் இருக்கலாம். தேன் கலப்படமில்லாதது என்பதால் அது இல்லாமல் போகாது.

பெரியவர்கள் குடலுக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த ஸ்போரை முளைக்கவிடுவதில்லை. ஒரு வயது ஆகாத குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. ஸ்போர் அங்கே முளைத்து, மனிதன் அறிந்த நஞ்சுகளிலேயே கொடியதை வெளிவிடுகிறது. முதலில் மலச்சிக்கல், அப்புறம் அழுகுரல் மெலியும், பால் குடிக்கும் வேகம் குறையும், இமை சோர்ந்து விழும், கழுத்தும் கைகாலும் துவளும், கடைசியில் மூச்சு திணறும். 1976இல் கலிபோர்னியாவில்தான் மருத்துவர்கள் இதைத் தனி நோயாக இனம் கண்டார்கள். அரிய நோய்தான். ஆனால் குழந்தைக்கு எந்தத் தேவையும் இல்லாத ஒரு சொட்டுக்காக அந்த அபாயத்தை ஏற்பதில் நியாயமில்லை.

நம் ஊர்களில் பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கும் பழக்கம் இருக்கிறது. குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ நாக்கில் வைத்தால் அந்தக் குணம் குழந்தைக்கு வரும் என்ற ஆசை அதில் உண்டு. அந்த ஆசையை மதித்துப் பேசுங்கள். "அம்மாயி, நீங்க தூக்கி நெத்தியில முத்தம் குடுங்க, அது போதும். தேன் ஒரு வயசு முடிஞ்சப்புறம் நீங்களே ஊட்டுங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாக்கில் முதலில் படவேண்டியது சீம்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகும் ஒரு வயது வரை எந்த மருந்தையும் தேனில் குழைத்துக் கொடுக்க வேண்டாம். தேனைக் காய்ச்சிக் கொடுத்தாலும் பயனில்லை என்று இதுவரை படித்தவருக்குச் சொல்லத் தேவையில்லை.

பூசணம்

கிருமி செத்தபின்னும் நஞ்சு நிற்கும் என்பதற்கு இன்னும் கொடிய எடுத்துக்காட்டு, நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பிடிக்கும் பச்சைமஞ்சள் பூசணம். அது விடும் அஃப்ளடாக்சினை வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுக்கப் போக்க முடியாது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிகளில் அறுவடையில் மழை பெய்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை, வேறு தானியம் இல்லாத பழங்குடி மக்கள் வாரக்கணக்கில் சாப்பிட்டார்கள். ஈரல் கெட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களுக்கும் வயிறு வீங்கியது.

மஞ்சு இறங்கும் மலையில் தானியம் காய்வது கடினம். அள்ளி ஆட்டினால் கலகலவென்று ஒலிக்கும்வரை காயவைத்த பின்னரே மூட்டை கட்டுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். சாமையையும் தினையையும் உமியோடு வைத்திருந்து, வேண்டும்போது வேண்டிய அளவு குத்தியோ அரைத்தோ எடுத்துக்கொள்ளுங்கள். பூசணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள், அந்த நஞ்சு பாலில் திரும்பி வரும்.

மண்ணும் புல்லும்

மாடு திடீரென்று செத்து விழுந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த இரத்தம் வழிந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். தோலை உரிக்காதீர்கள், கறியைக் கூறு போடாதீர்கள். அறுக்காத உடலுக்குள் இருக்கும் கிருமிகள் உடல் அழுகும்போது பெரும்பாலும் அழிந்துவிடும். அறுத்துக் காற்றுப் பட்டதும் அவை ஸ்போராக மாறி மண்ணில் இறங்கிவிடும். 1942இல் பிரிட்டிஷ் இராணுவம் இந்த ஸ்போரைச் சோதித்த ஸ்காட்லாந்தின் க்ரூனார்ட் தீவை, டன் கணக்கில் ஃபார்மலின் ஊற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பாதுகாப்பானது என்று அறிவிக்க 1990 ஆகிவிட்டது. கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. அவர் சொற்படி ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

டெட்டனஸ் ஸ்போரும் சாணத்திலும் மண்ணிலும் எப்போதும் இருக்கும். தொப்புள் கொடியில் சாணச் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதையும் வைக்காதீர்கள். உலரவிட்டால் தானே விழும். பிறந்த குழந்தைகளைக் கொன்றுவந்த இந்த நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015இல் அறிவித்தார்கள். மண்ணில் ஸ்போர் அப்படியேதான் இருக்கிறது. தடுத்து நிற்பது கர்ப்பிணிகளுக்கும், பத்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் போடும் ஊசியும், சுத்தமான பிரசவமும்.

கடைசியாக, மழைக்குப் பின்னும் குளிர்காலத்திலும் புதரோரத்தில் வேலை செய்பவருக்கு வரும் உண்ணிக் காய்ச்சல். ஆங்கில மருத்துவர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். மாட்டில் பார்க்கும் பெரிய உண்ணி இதைப் பரப்புவதில்லை. புல் நுனியில் காத்திருக்கும், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒரு பூச்சியின் குஞ்சு பரப்புகிறது. கடித்தால் வலிக்காது. பத்து நாள் போல் கழித்துக் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு வாரம் தள்ளினால் நுரையீரலும் சிறுநீரகமும் கெடக்கூடும். சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் டாக்சிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரைக்கே கட்டுப்படும். முற்றிய நிலையில் வருபவர்களுக்கு அதோடு அசித்ரோமைசினையும் சேர்த்து இரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தால் சிக்கல்கள் குறைகின்றன என்பதை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய, 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

காட்டிலிருந்து வந்ததும் உடுப்பை மாற்றி, சோப்பு போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். துவைத்த துணியைப் புல்மேல் உலர்த்தாமல் கொடியில் போடுங்கள். காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பின் கீழ்ப்பக்கம் இவற்றை வீட்டில் ஒருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் கருத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த வளையமுமாக, வலியில்லாத ஒரு புண் இருக்கிறதா? பெண்கள் கூச்சப்பட்டு இதைச் சொல்லாமல் விடுவதால் நோய் தெரியாமல் போவது உண்டு. செவிலியரிடம் தனியாகச் சொல்லலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ செம்மேட்டு அரசு மருத்துவமனையிலோ மருத்துவர் கேட்பதற்கு முன்பே இரண்டைச் சொல்லிவிடுங்கள்: கடந்த மூன்று வாரத்தில் புதரில், காட்டில் வேலை செய்தீர்களா என்பது ஒன்று, உடம்பில் அந்தப் பொருக்கு இருக்கிறதா என்பது இன்னொன்று. பொருக்கு இல்லாவிட்டாலும் காட்டு வேலையைச் சொல்லுங்கள். எல்லோருக்கும் பொருக்கு வருவதில்லை.